மூணு மணிக்கு எழும்பும் ஊரில் முடியாத ஆட்டம்

வெயில் ஏறிவிட்டால் ரப்பர் மரம் கையை விரித்துவிடும். இரவு முழுக்க வேர் இழுத்த நீர் பட்டைக்குள் விம்மி நிற்பது விடியலுக்கு முந்தைய சில மணி நேரம்தான். சூரியன் வந்து இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் உள்ளே அழுத்தம் இறங்கும், சிரட்டையில் சொட்டும் பாலும் சுருங்கும். அதனால் குமரி மாவட்டத்தின் திருவட்டாறு, குலசேகரம், ஆற்றூர் பக்கமெல்லாம் பால்வெட்டுக்காரர்களின் நாள் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறது. நெற்றியில் கட்டிய விளக்கும் கையில் கத்தியுமாக அப்பன் தோட்டத்துக்குள் இறங்குகிறபோது, வீட்டில் மகன் அப்போதுதான் கண்ணயர்கிறான். சில வீடுகளில் அதுவும் இல்லை. போர்வைக்குள் இன்னும் வெளிச்சம் எரிகிறது.

இந்த நேரத்தை அரசும் கவனித்திருக்கிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாரும் உள்ளே நுழையக் கூடாது என்று தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதி போட்டது. ஆடுகிறவர் ஆதார் மூலம் தன்னை உறுதிசெய்ய வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரைமணிக்கு ஒருமுறை திரையில் எச்சரிக்கை வர வேண்டும் என்பதும் அதில் உண்டு. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. விதிகள் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று தீர்ப்பளித்தது. அதன்பின் மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டையே நாடு முழுக்கத் தடைசெய்தது.

நல்லது. ஆனால் போர்வைக்குள் இருக்கும் பையன் ரம்மி ஆடவில்லை. அவனிடம் பந்தயம் வைக்கப் பணமும் இல்லை. அவன் ஒரு தீவில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, சுட்டு, செத்து, மறுபடி குதித்துக்கொண்டிருக்கிறான். பணம் வைத்து ஆடவைப்பது ஒரு கேடு. முடிவே இல்லாமல் ஆடவைப்பது இன்னொரு கேடு. முதலாவதன் கழுத்தைச் சட்டம் பிடித்துவிட்டது. இரண்டாவதைப் பற்றி நாம் இன்னும் ஒழுங்காகப் பேசவே தொடங்கவில்லை.

கல்ஃப் பெட்டியில் வந்த மாரியோ

எங்கள் பக்கம் வீடியோ கேம் வந்தது கல்ஃப் பெட்டி வழியாக. துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ லீவுக்கு வரும் மாமன் கட்டிக்கொண்டுவரும் அட்டைப்பெட்டியில் நிடோ டின், டாங் பவுடர், கோடாலித் தைலம் எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடக்கும். ‘டிவி கேம்’ என்று பெயர். ஜப்பானின் நின்டெண்டோ பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவு நகல். கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் கொஞ்சம் ஆட்டங்கள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். வாழ்க்கையில் நாங்கள் பார்த்த முதல் விளம்பர மோசடி அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் யாரும் குறைப்படவில்லை, ஏனென்றால் அதில் மாரியோ இருந்தான்.

1985-ல் ஷிகெரு மியாமோட்டோவும் அவர் கூட்டாளிகளும் செய்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டம், எட்டு உலகங்கள், காளான்கள், ஆமைகள், இசை எல்லாம் சேர்ந்து 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்று காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் ரோஜாப்பூ வணக்கப் படம் அதைவிடக் கனம். இடம் இல்லாததால் அவர்கள் ஒவ்வொரு துணுக்கையும் யோசித்து வைத்தார்கள். மேகத்தையும் புதரையும் ஒரே படத்தில் வரைந்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். அதைப் பல வருடம் கழித்து அறிந்தபோது எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் மரியாதை கூடியது.

அந்த ஆட்டங்களில் உயிர் மூன்று. மூன்றும் போனால் முதலிலிருந்து. தப்பிப் பிழைத்துக் கடைசிக் கோட்டைக்குப் போனால் ராஜகுமாரி கிடைப்பாள், கதை முடியும். ஆட்டம் தானாக முடியாவிட்டால் ஊர் முடித்துவைக்கும். ஐப்பசியில் மதியம் திரும்பியதும் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும். முதல் இடிக்கே அடுக்களையிலிருந்து குரல் கேட்கும்: “மக்களே, பிளக்கைப் புடுங்கு, இடி வெட்டுது!” கேபிள் வயரையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் டிவி போய்விடும். இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டத்தில் ஒரு பையன் எவ்வளவுதான் ஆடிவிட முடியும்? இடி இல்லாத நாளில் கரண்ட் இருக்காது. இரண்டும் சரியாக இருந்தால் அப்பூப்பனுக்கு செய்தி பார்க்க வேண்டும். “சவத்தை அணைச்சுப் போடுடே” என்பதோடு அன்றைய ஆட்டம் சரி.

பிறகு பிரவுசிங் சென்டர் காலம். மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் பலகைத் தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர். ‘ரோட் ரேஷ்’, ‘வைஸ் சிட்டி’, ‘ஐ.ஜி.ஐ.’ எல்லாம் பழகிய இடம் அது. எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பார்க்கிற இடமும் அதுதான், ஆகவே வீட்டில் கேட்டால் சொல்ல எப்போதும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. அங்கே மணிக்கணக்கில் காசு. நேரம் ஆனதும் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும், பின்னால் நிற்கிற அடுத்த ஆள் நாற்காலியை இழுப்பான். ஆடுகிறவனின் மன உறுதி எங்கேயும் சோதிக்கப்படவில்லை. அதற்கு அவசியமே வரவில்லை.

பத்து நிமிடத் தீவு

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டாவின் விலை சரிந்தது. 2020 ஊரடங்கில் வகுப்புகள் கைபேசிக்கு வந்தன. இவை இரண்டுக்கும் நடுவில், அதுவரை அப்பாவின் சட்டைப்பையில் இருந்த கருவி பிள்ளையின் கைக்கு மாறியது. அப்பா கல்ஃபில் இருக்கும் வீடுகளில் அது முன்பே வந்தாயிற்று. ஒரு காலத்தில் பேசிப் பதிவுசெய்த ஆடியோ கேசட்டைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த குடும்பங்கள் இவை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது என்பதால் ஐமோ, பின்னால் போட்டிம் என்று ஒவ்வொரு செயலியாகக் கற்றுக்கொண்ட அம்மாக்கள் எங்கள் பக்கம் ஏராளம். அப்பாவின் முகத்தைக் காட்டும் கண்ணாடியும், பாடம் நடக்கும் வகுப்பும், ஆட்டக்களமும் ஒரே கருவி. “போனைத் தூர வை” என்று துபாயிலிருந்து அதட்டுகிற அப்பாவுக்கும் அந்தப் போன் வழியாகத்தான் பேச முடிகிறது.

இந்தக் கருவிக்குள் பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் வந்து உட்கார்ந்தன. பப்ஜியில் 100 பேர் ஒரு தீவில் குதிப்பார்கள், கடைசியாக நிற்பவர் வென்றவர். நல்ல போன் வேண்டும், ஆட்டம் அரைமணி நேரம் போகும். சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் 2017-ல் வெளியிட்ட ஃப்ரீ ஃபயரில் 50 பேர்தான், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், மலிவான போனிலும் ஓடும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருந்தது பெரும்பாலும் இரண்டாவது.

பத்தே நிமிடம் என்பதுதான் இதில் உள்ள வித்தை. “இந்த ஒரு ஆட்டம்” என்று பிள்ளை சொல்லும்போது அவன் பொய் சொல்லவில்லை. ஆட்டம் உண்மையிலேயே முடிந்துவிடும். ஆனால் முடிந்த அடுத்த நொடியில் திரையில் தெரிவது வெளியே போகும் வழி இல்லை. உன் குழுவில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்று காட்டும். இன்றைய பரிசை எடுத்துக்கொள்ள இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி என்று காட்டும். சீசன் முடிய இத்தனை நாள், அதற்குள் இந்தப் படியை எட்டாவிட்டால் அந்தச் சட்டை உனக்கு இல்லை என்று காட்டும். நீ எழுந்தால் உன் கூட்டாளிகள் மூன்று பேராக ஆட வேண்டியிருக்கும், அது துரோகம். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் துரோகம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். அவனை உட்காரவைத்திருப்பது துப்பாக்கி ஆசையைவிட அந்த விசுவாசம்தான் என்று எனக்குப் படுகிறது.

துப்பாக்கி பற்றிய பயம் கொஞ்சம் ஊதிப்பெருத்தது. பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் 1,000 பேரையும் அவர்களின் பெற்றோரையும் வைத்து ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், வன்முறை ஆட்டங்களுக்கும் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. சினிமா காலத்திலிருந்தே எது புதிதாக வந்தாலும் பிள்ளைகள் கெட்டுப்போனதாகச் சொன்ன ஊர்க்காரர்கள்தானே நாம். எனக்கு பயம் சுடுவதைப் பார்த்து வரவில்லை, சக்கரத்தைப் பார்த்து வருகிறது.

வைரம் என்று ஒன்று உண்டு ஃப்ரீ ஃபயரில். உண்மையான ரூபாய் கொடுத்து அதை வாங்க வேண்டும். வைரத்தைக் கட்டினால் ஒரு சக்கரம் சுற்றும், துப்பாக்கிக்கு அபூர்வமான ‘ஸ்கின்’ விழலாம், விழாமலும் போகலாம். எப்போது தானியம் விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்துகிறது என்று அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டின் நடுவிலேயே சோதித்துக் காட்டிவிட்டார். 1948-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இன்னும் சுவாரசியம். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தானியம் போட்டார். தானியம் விழுந்த நேரத்தில் தான் செய்துகொண்டிருந்த காரியத்தால்தான் விழுந்தது என்று புறாக்கள் நம்பியதுபோல் நடந்துகொண்டன. ஒன்று வட்டமடித்தது, ஒன்று தலையை ஆட்டியது. சக்கரம் சுற்றும் முன் விரலை ஊதிக்கொள்கிற, செல்லை மூன்று தடவை தட்டுகிற பையன்களைப் பார்த்திருந்தால் அவர் சிரித்திருப்பார்.

பெல்ஜியம் 2018-லேயே இப்படிக் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப்பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. நமது 2025 சட்டம் இதைப் பற்றி நேரடியாகப் பேசவில்லை. வெல்லும் பொருளை ரூபாயாக மாற்ற முடியாதே, அப்புறம் எப்படிச் சூது ஆகும் என்பது நிறுவனங்களின் வாதம். பணம் திரும்பி வரவே வராத சூது இன்னும் மோசம் என்பது என் வாதம்.

இந்த ஆட்டங்களை இந்தியா தடைசெய்யாமல் இல்லை. 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி உட்பட 118 செயலிகள் போயின. 2021 ஜூலையில் அதுவே பெயர் மாற்றி பி.ஜி.எம்.ஐ. என்று வந்தது, அடுத்த ஜூலையில் மறுபடி காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பியது. 2022 பிப்ரவரி 14-ல் ஃப்ரீ ஃபயர் தடையானது. அதன் இரட்டைப்பிறவியான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் செயலிக் கடையிலேயே கிடந்தது, பையன்கள் ஒரே இரவில் அங்கே குடிபெயர்ந்தார்கள். இந்தத் தடைகளில் எதற்கும் பிள்ளைகளின் உறக்கம் காரணமில்லை. சீன எல்லையும் தகவல் பாதுகாப்பும்தான் காரணம்.

காதில் குணுக்கு

கலுங்கில் உட்கார்ந்து சீட்டு ஆடும் ஊர்க்காரர்களுக்கு ரம்மி தெரியும், ஆனால் 28-ம் 56-ம்தான் கௌரவமான ஆட்டங்கள். கேரளத்துக்கும் எங்களுக்கும் பொதுவான சொத்து அவை. நாலு பேரோ ஆறு பேரோ, எதிரெதிர் அணியாக உட்கார்ந்து, ஏலம் விளித்து, துருப்பு வைத்து ஆடுவது. தோற்றால் தண்டனை காசில்லை. காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். பிலாவிலையோ, காகிதமோ, கையில் கிடைத்ததோ. மீசை வைத்த ஒரு பெரிய மனிதர் காதில் பிலாவிலையோடு உட்கார்ந்திருப்பார், வழியே போகிற பெண்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்த அவமானத்தைத் துடைக்க அடுத்த ஆட்டத்தை ஜெயித்தே ஆக வேண்டும். அதற்காக யாரும் ரப்பர் தோட்டத்தை எழுதிக்கொடுத்ததில்லை.

செல்லுக்குள் போன ரம்மி அப்படி இல்லை. அங்கே எதிரில் ஆள் இல்லை, சிரிக்க யாரும் இல்லை, தோற்றது வீட்டுக்குத் தெரிவது கடன்காரர் வாசலில் நிற்கும்போதுதான். தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் இதில் உயிரையே இழந்தன என்பதால்தான் சட்டம் வந்தது. வந்த வழி நேரானதாக இல்லை.

சூதாட்டத்துக்கு எதிரான நம்முடைய மூலச்சட்டம் 1930-ல் சென்னை மாகாணத்தில் போட்டது. (இன்று இணையத்தில் பணம் பறிபோனால் அழைக்க வேண்டிய எண்ணும் 1930, இரண்டுக்கும் தொடர்பில்லை, ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும்.) திறமையால் ஜெயிக்கும் ஆட்டம் சூதாட்டம் ஆகாது என்பது நீதிமன்றங்களின் பழைய நிலைப்பாடு. 1968-ல் ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி மூணுசீட்டுபோல வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். கிளப் நடத்துபவர் ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முதல் பாதியை நிறுவனங்கள் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றன. இரண்டாம் பாதியை அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசவில்லை.

2020 நவம்பரில் தமிழ்நாடு அவசரச் சட்டம் கொண்டுவந்து இணைய ரம்மியைத் தடுத்தது. அடுத்து அதைச் சட்டமாக்கியது. 2021 ஆகஸ்ட் 3-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அதன் அறிக்கைக்குப் பின் மறுபடி அவசரச் சட்டம், மறுபடி சட்டமுன்வடிவு. ஆளுநர் ஆர்.என். ரவி 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மார்ச் 23 அன்று இரண்டாம் முறை நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலில் வைத்தது செல்லாது என்றது. அதற்குப் பிறகுதான் முன்னே சொன்ன 12 முதல் 5 வரை விதி.

மத்தியச் சட்டம் இந்தத் திறமை வாதத்தையே தாண்டிப் போய்விட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்தால் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம் வரை. ஆடியவருக்குத் தண்டனை இல்லை, அது நியாயம். பெரிய நிறுவனங்கள் அந்த வாரமே பண ஆட்டங்களை நிறுத்தின. வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. இனிக் கடல் கடந்த நாடுகளிலிருந்து நடத்தப்படும் செயலிகள் திருட்டுவழியில் வரும் என்ற பேச்சில் உண்மை உண்டு. கள்ளச்சாராயம் வரும் என்பதற்காக மதுக்கடைக்கு மூலைக்கு மூலை உரிமம் கொடுத்ததன் பலனையும் நாம் பார்த்தவர்கள்தானே.

இரவு இரண்டு மணிக்கு நாம் கைதட்டியது

நள்ளிரவில் ஆடினாலே கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 2022 பிப்ரவரியில் சென்னைப் பையன் ஆர். பிரக்ஞானந்தா, 16 வயது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கறுப்புக் காய்களோடு மாக்னஸ் கார்ல்சனை 39 நகர்த்தல்களில் வென்றது இணையப் போட்டியில்தான். ஐரோப்பிய நேரத்துக்கு ஏற்றபடி ஆட்டங்கள் நமக்கு நடுஇரவில் நடந்தன. மே மாதம் இன்னொரு இணையப் போட்டியின் அரையிறுதியில் அனிஷ் கிரியை வென்றபோது மணி இரண்டு ஆகிவிட்டது, விடிந்தால் பதினோராம் வகுப்புத் தேர்வு. “எடே, இப்பம் ஒறங்காம பின்ன எப்பம் ஒறங்குவ?” என்று யாரும் கேட்கவில்லை, நாடே கைதட்டியது. அவன் கையிலும் திரை, அவனும் கண்விழித்தான். ஆனால் முடிந்ததும் அந்த ஆட்டம் அவனை விட்டுவிட்டது. பலகை காலியானதும் எழுந்துபோவதைத் தவிர வேறு வேலை இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ என்று ஒன்று இருக்கிறது. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டம் வந்து நிற்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இது சாதாரணமாக ஒரு வருடம் நீடிப்பது. இந்த வரம்புக்குள் வருகிற பிள்ளைகள் கொஞ்சம்தான். சம்பளம் வாங்கி இரவெல்லாம் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும் பெரியவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை மாறலாம். விரலால் தள்ளத் தள்ள அடி காணாமல் போய்க்கொண்டேயிருக்கும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். புத்தகத்துக்குப் பக்கம் தீரும், செய்தித்தாள் விளையாட்டுப் பக்கத்தோடு முடிந்துபோகும். அவர் எடுத்துவிட்டது அந்தத் தீர்ந்துபோகும் இடத்தைத்தான்.

சட்டம் போட்டு நேரத்தை அடைத்தவர்கள் உலகத்தில் உண்டு. தென்கொரியா 2011-ல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆட்டத்தைப் பூட்டியது; பத்து வருடம் பார்த்துவிட்டு அதைக் கைவிட்டது. சீனா 2021-ல் சிறார்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்றது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழுள்ளவர்களைச் சமூக ஊடகத்திலிருந்தே வெளியேற்றியது. எனக்கு இந்தக் கதவடைப்புகளில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அம்மாவின் ஆதாரில் பிள்ளை நுழைய எத்தனை நேரம் ஆகும்? ஆட்டத்தைச் செய்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்: தினப் பரிசை எடு, சக்கரத்தை எடு, ஒரு மணி நேரம் ஆனதும் உன் குழுவோடு சேர்த்து வெளியே அனுப்பு. பண ஆட்டங்களுக்கு அரைமணி எச்சரிக்கை போடத் தெரிந்த அரசுக்கு இதுவும் எட்டாத காரியமில்லை. வீட்டில் நிலைமை கைமீறினால் டெலிமானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், அதற்குப் போனைப் பிடுங்கி உடைக்கத் தேவையில்லை.

முடிவு வைத்துச் செய்தால் இணையத்தில் எதுவும் நிற்காது, விற்காது என்று சொல்கிறார்கள். அதற்குப் பதில் எங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறது. திருவட்டாறை அடுத்த திருவரம்பைச் சொந்த ஊராகக் கொண்ட எழுத்தாளர் ஜெயமோகன், 2014 ஜனவரி 1 முதல் மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்ற பெயரில் தினம் ஒரு அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் இலவசமாக எழுதினார். 26 நாவல்கள், ஆறரை வருடம். 2020 ஜூலையில் முடித்தார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைப் படித்த வாசகர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். அதுவும் ஒருவகை அடிமைத்தனம் என்று கேலிசெய்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம்தான், அதற்கு மேல் என்ன கெஞ்சினாலும் கிடைக்காது. அவர் எழுத்தைப் பற்றி ஆயிரம் சண்டை போடலாம், அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சண்டை இல்லை.

வீடியோ கேமிலேயே உதாரணம் வேண்டுமென்றால் ‘வெண்பா’. டொரண்டோவில் அபி என்ற தமிழர் தொடங்கிய விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-ல் வெளியிட்டது. 1980-களின் கடைசியில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியும், அங்கே வளர்ந்து தமிழ் தடுமாறும் மகன் கவினும்தான் ஆட்கள். துப்பாக்கி இல்லை. அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேடு கிழிந்தும் மை அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரியை யூகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். இட்லியில் தொடங்கும். புட்டு வரும்போது குழலில் சில்லை எங்கே வைப்பது, மாவும் தேங்காயும் எந்த வரிசையில் என்று உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் திணறினார்கள். எங்கள் பக்கத்தில் காலையில் பல்தேய்க்கும் முன் தெரிந்துகொள்ளும் விஷயம் அது. 2024-ல் அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது கிடைத்தது, சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலையாய பரிசும் கிடைத்தது. ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். முடிந்ததும் சக்கரம் ஏதும் சுற்றவில்லை, நாளைக்கு வா என்று கூப்பிடவில்லை.

குமரி மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிக்குக் குறைவில்லை, கோடிங் தெரிந்த பிள்ளைகளுக்கும் குறைவில்லை. அவர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிப்போய் யாருடைய செயலிக்கோ பொத்தான் செய்கிறார்கள். இங்கே கிடக்கும் சரக்கைப் பாருங்கள். பரளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம். ஒரே பார்வையில் முழுதாகக் காண முடியாமல் மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டிய, 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கும் ஆதிகேசவப் பெருமாள். அந்தக் கோயிலுக்கு 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6-ல் நடந்த கும்பாபிஷேகம். தெக்கன் களரியின் அடிமுறை. மழையில் வழுக்கும் ரப்பர் தோட்டச் சரிவுகள். இவற்றையெல்லாம் ஒரு தீவில் போட்டு நூறு பேரைக் குதிக்கவைக்க வேண்டாம். கள்ளியங்காட்டு நீலி ஒருத்தி போதும். பத்மநாபபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரியில் நடந்துபோகும் ஆள் ஒருவன், மடியில் வெற்றிலைச் செல்லம். பாதிவழியில் அழகான பெண் ஒருத்தி வந்து, அண்ணே, கொறச்சு சுண்ணாம்பு தருவீயளா என்று கேட்கிறாள். கொடுப்பதா, கத்திமுனையில் வைத்து நீட்டுவதா, ஓடுவதா. ஒரு தப்புக்கு ஓர் உயிர், மொத்தம் மூன்று. விடியக்குள் காட்டைத் தாண்டிவிட்டால் ஆட்டம் தீர்ந்தது. யாராவது செய்யுங்கள், முதல் பிரதி எனக்கு வேண்டும்.